கிற்றாரின் கழுத்தும் கடன் வாங்கிய முதுமையும்

அரசியலை எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது கிற்றாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று இந்தப் பக்கத்தின் வழமையான வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால், இல்லாத வரலாற்றைச் செய்து விற்பது அரசியல்வாதிகளுக்கு மட்டுமே உரிய கலை அல்ல என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவில் வாழும் எனது பெறாமகன் வாரநாட்களில் களஞ்சியசாலை ஒன்றில் வேலை செய்கிறான். வாரஇறுதிகளில் திருமண மண்டபங்களில் இசைக்குழுவொன்றுடன் மின்கிற்றார் வாசிக்கிறான். கடந்த மாதம் தொலைபேசியில் அழைத்தவன், "சித்தப்பா, என்ரை கிற்றாரின்ரை கழுத்தை மாத்தப் போறன். பழைய காலத்துக் கிற்றார் பிடிக்கிற மாதிரி ஒரு உணர்வு வேணும்" என்றான். மாற்றினால் போகிறது, அதற்கென்ன என்று நினைத்தேன். பின்னர் அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன்.

படத்தில் இருந்தது மேப்பிள் மரத்தால் செய்த புத்தம்புதிய கழுத்து. ஆனால் அதன் விரற்பலகையில் வார்னிஷ் ஆங்காங்கே தேய்ந்து போயிருந்தது. தேய்ந்த இடங்கள் கறுத்திருந்தன. முப்பது வருடங்களாக யாரோ ஒருவர் இரவிரவாக வாசித்து, வியர்வை சிந்தி, அந்த மரத்தைப் பழக்கியெடுத்தது போன்ற தோற்றம். உண்மையில் அதை ஒருவரும் ஒரு நாள்கூட வாசித்ததில்லை. தொழிற்கூடத்தில் அரத்தாளால் உரசி, சாயம் பூசி, அந்த முதுமையை உண்டாக்கியிருக்கிறார்கள். தேய்மானத்துக்குத் தனிக் கட்டணம் வேறு. அந்தக் கழுத்தின் விலை அவனிடம் இருக்கும் முழுக் கிற்றாரின் விலையையும் விட அதிகம். அவனுடைய மூன்று மாதச் சேமிப்பு அதற்குள் போய்விடும்.

"உங்களுக்குக் கிற்றாரைப் பற்றித் தெரியாது, சித்தப்பா" என்றான். பல்கலைக்கழக விடுதியில் நண்பன் ஒருவனின் கிற்றாரில் நான்கு கோட்களைப் பழகியதோடு எனது வாசிப்பு நின்றுவிட்டது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கருவியின் கதையை நான் தொடர்ந்து வாசித்து வந்திருக்கிறேன். அத்துடன், பத்திரிகைத் தொழிலில் கழிந்த காலம், போலியை மோப்பம் பிடிக்கும் மூக்கு ஒன்றையாவது எனக்குத் தந்திருக்கிறது.

இந்த விவகாரத்தில் இரண்டு தரப்பினர் நிற்கிறார்கள். ஒரு தரப்பினர் தூய்மைவாதிகள். கிற்றாரின் கழுத்தை மாற்றுவது அதன் ஆன்மாவைக் கொல்வதற்குச் சமம் என்பவர்கள். மற்றத் தரப்பினர் முதுமை வியாபாரிகள். புதிய கழுத்தைத் தேய்த்துக் கிழடாக்கி, இதை மாட்டினால் 1957 உங்கள் கைக்கு வந்துவிடும் என்பவர்கள். இரு தரப்பினரும் ஒருவரையொருவர் எதிரிகளாகக் கருதினாலும், இரு தரப்பினரும் வணங்குவது ஒரே விக்கிரகத்தைத்தான். கருவியில் முக்கியமானது வாசிப்பவனின் கை அல்ல, கருவியின் வயதே என்ற நம்பிக்கைதான் அந்த விக்கிரகம். என் நிலைப்பாடு வேறு. கையின் தேவைக்காகக் கழுத்தைத் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் பிறர் சிந்தாத வியர்வைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் தூய்மைவாதிகளைப் பார்ப்போம். அவர்கள் போற்றும் மின்கிற்றாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் பழுதுபார்ப்பவனின் மூளை அவருக்கு இருந்தது. அதுவரை கிற்றார் செய்தவர்களில் பெரும்பாலோர் வயலின் செய்பவர்களைப் போலக் கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டினார்கள். கழுத்து வளைந்தாலோ முறிந்தாலோ அதைப் பிரித்தெடுப்பது பெரும் பாடு. ஃபெண்டர் 1950இல் வெளியிட்ட கிற்றார்களில் கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்தார். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் அதே முறைதான். கெட்டுப்போனால் கழற்று, வேறொன்றைப் பூட்டு என்பதே அதன் தத்துவம். வானொலிப் பெட்டியில் வால்வை மாற்றுவதைப் போலத்தான் இதுவும்.

மாற்ற வேண்டிய தேவையும் உடனேயே எழுந்தது. 1950இன் தொடக்கத்தில் வந்த எஸ்குவயர் கிற்றார்களின் கழுத்துக்குள், தந்திகளின் இழுவையை எதிர்த்து நிற்கும் உருக்குக் கம்பி வைக்கப்படவில்லை. மேப்பிள் மரத்தின் உறுதியே போதும் என்று ஃபெண்டர் நம்பினார். கழுத்துகள் வளைந்தன, முறைப்பாடுகள் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்கு முன்பே கம்பி சேர்க்கப்பட்டது. பொற்காலம் என்று இன்று கொண்டாடப்படும் காலம் தவறுகளைத் திருத்திக்கொண்டுதான் தொடங்கியது.

அந்தத் தொழிற்சாலையில் கழுத்துகளும் உடல்களும் தனித்தனியாகத் தொகுதி தொகுதியாகச் செய்யப்பட்டன. கையில் அகப்பட்ட கழுத்து கையில் அகப்பட்ட உடலோடு பூட்டப்பட்டது. 1950களின் கழுத்துகளுடைய அடிப்பகுதியில் பென்சிலால் திகதி குறித்திருப்பார்கள். அதையும் உடலில் உள்ள திகதியையும் ஒப்பிட்டால் மாதக்கணக்கில் வேறுபடுவதுண்டு. பிறக்கும்போதே ஒன்றுக்கொன்று அந்நியமாக இருந்த இரண்டு மரத்துண்டுகளைப் பிரிக்கக் கூடாத தம்பதிகளாக்கியவர்கள் பின்னாளில் வந்த சேகரிப்பாளர்களே.

பெயர்பெற்ற கலைஞர்கள் இந்தத் தம்பதிகளை எப்படி நடத்தினார்கள்? எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை வாங்கினார். அவற்றில் மூன்றின் சிறந்த பாகங்களைக் கழற்றி ஒன்றாகப் பூட்டினார். அப்படிப் பிறந்ததுதான் 'பிளாக்கி' என்ற புகழ்பெற்ற கிற்றார். அந்த ஒட்டுக்கருவி 2004இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 9,59,500 டொலருக்கு விலைபோனது. பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் தமது கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தை ஒரு தடவை அல்ல, பல தடவைகள் மாற்றினார். உடல் 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2019இல் அது ஏலம் போனபோது பூட்டியிருந்த கழுத்து 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் 1957ஆம் ஆண்டு மாதிரியைப் பின்பற்றிச் செய்த மறுபதிப்பு. விலை 39,75,000 டொலர். தூய்மைவாதிகள் சொல்லும் ஆன்மா அந்தக் கருவியில் எங்கே இருந்தது? கழுத்திலா, உடலிலா, அதை வாசித்தவரின் விரல்களிலா?

இனி முதுமை வியாபாரிகளுக்கு வருவோம். பழைய கழுத்து கையில் இதமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இதத்துக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை அளக்கவும் முடியும். முதலாவது, கழுத்தின் பின்புறம் உள்ளங்கையில் எவ்வளவு தடிப்பாக, எந்த வடிவில் அமர்கிறது என்பது. 1950களின் நடுப்பகுதியில் ஃபெண்டர் கழுத்துகளின் முதுகு சற்றுக் கூராகவும், பின்னர் வட்டமாகவும் இருந்தது. இரண்டாவது, விரற்பலகையின் வளைவு. அக்காலப் பலகை 7.25 அங்குல ஆரை கொண்ட வட்டத்தின் துண்டு. இன்று பொதுவாக 9.5 அல்லது 12 அங்குலம், அதாவது முன்னதைவிடத் தட்டை. மூன்றாவது, வீணையின் மெட்டுக்கு ஒப்பான பிரெட் கம்பிகள். அன்று அவை ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அகலமும் 1 மில்லிமீற்றர் உயரமும் கொண்டிருந்தன. நான்காவது, பூச்சு. அன்று மெல்லிய நைட்ரோசெலுலோஸ் வார்னிஷ், 1960களின் இறுதியிலிருந்து தடித்த பொலியெஸ்டர். ஐந்தாவது, வாசித்து வாசித்து மழுங்கிப்போன பலகை விளிம்புகள். இவ்வளவுதான் மர்மம். இந்த ஐந்தில் எதற்கும் கறுத்த தேய்மானப் புள்ளிகள் தேவையில்லை.

'1957ஆம் ஆண்டின் வடிவம்' என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அப்படி ஒரே வடிவம் என்று ஒன்று இருந்ததா? அன்று கழுத்துகளைத் தொழிலாளர்கள் கையில் பிடித்து, சுழலும் அரத்தாள் பட்டையில் தேய்த்து வடிவமைத்தார்கள். அவர்களுள் ஒருவர் தாடியோ கோமெஸ். அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறித்த கழுத்துகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். கையால் தேய்த்த எந்த இரண்டு கழுத்துகளும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்கமாட்டா. வியாபாரி இன்று விற்பது ஏதோ ஒரு கழுத்தின் அளவை. அதை ஓர் ஆண்டின் அளவு என்று பெயரிட்டு விற்கிறார்.

மரத்தின் கதையும் இதைப் போன்றதே. 1950களின் இறுதியில் ஃபெண்டர் பிரேசில் நாட்டு ரோஸ்வூட் மரத்தில் விரற்பலகை செய்யத் தொடங்கியது. 1960களின் பிற்பகுதியில் இந்திய ரோஸ்வூட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமல்ல, தமிழில் ஈட்டி என்று நாம் அழைக்கும் மரந்தான். பிரேசில் மரத்தின் சர்வதேச வர்த்தகம் 1992இல் சைற்றிஸ் உடன்படிக்கையின்கீழ் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட ஒரு மரத்தைப் பழைய உணர்வின் பெயரால் இன்னமும் ஏங்கித் தேடுவோரை என்னவென்று சொல்வது?

பழைய அளவுகளுக்கு ஒரு விலையும் உண்டு. அதை விளம்பரங்கள் உரத்துச் சொல்வதில்லை. 7.25 அங்குல வளைவில் தந்திகளைத் தாழ்வாக அமைத்து, மேற்பகுதியில் ஒரு தந்தியை வளைத்து இழுத்தால், அது பலகையின் நடு மேட்டில் ஏறி அடுத்தடுத்த பிரெட்களில் முட்டும். ஒலி செத்துவிடும். 1950களில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அன்று தடித்த தந்திகளைச் சற்று உயரமாகக் கட்டினார்கள். மூன்றாம் தந்திகூடச் சுற்றுத் தந்தியாக இருந்தது. இன்று போல எட்டி இழுத்து வாசிப்பது அரிது. பழைய கழுத்தின் உட்கம்பியைத் திருக வேண்டுமானால், திருகும் இடம் அடிப்பகுதியில் இருப்பதால் பெரும்பாலும் கழுத்தையே கழற்ற வேண்டும். சிறிய பிரெட் கம்பிகளைச் சமப்படுத்தித் தேய்க்கத் தேய்க்க அவற்றில் மிஞ்சுவது சொற்பம். நைட்ரோசெலுலோஸ் பூச்சு வெயிலில் மஞ்சளாகும், குளிரில் வெடிக்கும், சிலருடைய வியர்வை பட்டால் பிசுபிசுக்கும். ஸ்டீவி ரே வோன் தமது பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்தக் காலத்துச் சிறிய பிரெட்களை வைத்துக்கொண்டிருக்கவில்லை. உயரமான தடித்த பிரெட்களைப் போட்டுக்கொண்டார். பழைய கருவியை வாசித்தவர்களே பழைய அளவுகளைத் தூக்கியெறிந்தார்கள் என்றால், அவர்களைப் போல வாசிக்க விரும்பும் இளைஞர்கள் அதே அளவுகளை ஏன் பொன்விலைக்கு வாங்க வேண்டும்?

பதில் வியாபாரத்தின் வரலாற்றில் இருக்கிறது. லியோ ஃபெண்டர் தமது கொம்பனியை 1965இல் சீ.பி.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். 1971இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நான்கு திருகாணிகள் மூன்றாகின. தரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு பரவியது. பழையவற்றுக்குக் கிராக்கி ஏறியது. 1982இல் கொம்பனியே தனது 1957, 1962 மாதிரிகளை மறுபதிப்புச் செய்தது. 1995இல், செயற்கையாகத் தேய்த்துப் பழசாக்கிய கிற்றார்களை 'ரெலிக்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. புனிதர்களின் எலும்பையும் உடையையும் குறிக்கும் சொல் அது. பெயரிலேயே பக்தி கலந்துவிட்டார்கள். இன்று தனிக் கழுத்துகளைச் செய்து விற்கும் சிறு பட்டறைகள் வரை அந்த வழிபாடு பரவிவிட்டது.

மேப்பிள் விரற்பலகையில் உண்மையான தேய்மானம் என்பது ஒரு வாழ்க்கைக் குறிப்பு. எந்தச் சுருதியில் அவர் அதிகம் பாடினார், எந்தக் கோட்டை விட்டு விரல் நகர மறுத்தது, எந்தத் தந்தியை எவ்விடத்தில் பிடித்து இழுத்தார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். போலித் தேய்மானத்தில் எந்தப் பாட்டும் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. போகாத ஊரின் பெயரைத் தலைப்பில் போட்டு, மேசையில் இருந்தபடியே செய்தி எழுதும் நிருபரின் வேலை அது. எழுத்து அழகாக இருக்கலாம், தகவல்கூடச் சரியாக இருக்கலாம். ஆனால் அவர் அங்கே போகவில்லை. அப்படி எழுதியவர்களை நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று சொன்னதில்லை.

'அவரவர் பணம், அவரவர் மகிழ்ச்சி. கிழிந்த ஜீன்ஸைக் காசு கொடுத்து வாங்குகிறார்களே, அதை ஏன் கேட்கவில்லை?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வசதி படைத்தவர் வரவேற்பறையில் மாட்டிவைக்க வாங்கினால் எனக்கு ஆட்சேபனையில்லை. இந்தக் கழுத்துகளைச் செய்பவர்களில் கைத்திறன் மிக்கவர்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விளிம்பை மழுக்கி, பிரெட்களை ஒழுங்காகச் சமப்படுத்தி அவர்கள் தரும் கழுத்து இதமாகவே இருக்கும். ஆனால் அந்த இதம் மழுங்கிய விளிம்பிலும் சமமான பிரெட்டிலும் இருந்து வருகிறது, கறுத்த புள்ளியிலிருந்து அல்ல. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டி விற்பதால், கறுத்த புள்ளிதான் இதத்தைத் தருகிறது என்று வாங்குபவன் நம்பிவிடுகிறான். எனக்குக் கவலை, களஞ்சியசாலையில் பெட்டி சுமந்து சேர்த்த பணத்தோடு நிற்கும் இளைஞனைப் பற்றித்தான். விரல் வேகமாக ஓடாததற்குக் காரணம் பயிற்சிக் குறைவு அல்ல, கருவியின் இளமைதான் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது பொய். அந்தப் பொய்க்குத்தான் அவனிடம் மூன்று மாதச் சேமிப்பைக் கேட்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் இருக்கும் கழுத்தைக் கவனியுங்கள். முதுகு ஒட்டுகிறதா? மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் பளபளப்பை மட்டும் மெதுவாக மங்கவையுங்கள். காந்தமுள்ள பிக்கப்களை முன்னதாகவே மூடிக்கட்டிவிடுங்கள், இல்லையேல் உருக்குத் தூள் முழுவதும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். பலகை விளிம்பு கையைக் கீறுகிறதா? ஸ்குரூ டிரைவரின் வழவழப்பான தண்டால் அழுத்தி உருட்டினாலே அது பெரிதும் மழுங்கிவிடும். பிரெட்கள் ஏற்றத்தாழ்வாக இருந்தால், நல்ல திருத்துநரிடம் கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தடிப்போ வளைவோ உங்கள் கைக்கு ஒவ்வாவிட்டால், அல்லது கழுத்து திருத்த முடியாதபடி முறுகியிருந்தால், மாற்றுங்கள். வாங்குவதற்கு முன் அளவெடுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 648 மில்லிமீற்றர். கழுத்தின் அடிப்பகுதி ஏறக்குறைய 56 மில்லிமீற்றர் அகலம். ஆசியாவில் செய்த சில நகல் கிற்றார்களின் குழி இதற்கு ஒத்துவராது. பழைய பாணி முறுக்காணிக்கான துளை சிறியது, புதிய பாணி ஆணிக்கான துளை சுமார் 10 மில்லிமீற்றர். இவை பொருந்தாவிட்டால் வாங்கிய கழுத்து அலமாரியில்தான் கிடக்கும். எந்தப் புதிய கழுத்துக்கும் தந்தி அமரும் மேல்வாய் அரிதலும் பிரெட் சமப்படுத்தலும் தேவைப்படும் என்பதை மறவாதீர்கள். தேய்மானத்துக்குக் கொடுக்கவிருந்த பணத்தை அந்தத் திருத்துநரின் உழைப்புக்குக் கொடுங்கள். கழற்றிய கழுத்தையும் எறிந்துவிடாதீர்கள். துணியில் சுற்றி, எந்தக் கிற்றாருக்குரியது என்று எழுதி வையுங்கள்.

இரண்டு வாரங்களுக்குப் பின்னர் பெறாமகன் மீண்டும் அழைத்தான். கிற்றாரைத் திருத்துநர் ஒருவரிடம் கொடுத்து, பிரெட்களைச் சமப்படுத்தி, விளிம்புகளை மழுக்கி, முதுகின் பளபளப்பை எடுத்துவிட்டானாம். அந்தக் கழுத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவாம்.

"கை இப்ப சுகமா ஓடுது, சித்தப்பா. ஆனா பாக்கப் புதுசு மாதிரித்தான் கிடக்கு" என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் படத்திலை இருந்த கழுத்து நல்ல வடிவு, என்ன?" என்று கேட்டான். படத்தை அவன் இன்னமும் அழிக்கவில்லை என்பது புரிந்தது.

வடிவுதான், மறுப்பதற்கில்லை. பத்து வருடம் விடாமல் வாசித்துவிட்டு உன்னுடைய கழுத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லிவைத்தேன்.